ஜெர்மனியில் பி.எச்டி. இடத்துக்கு ஏஜென்சியிடம் பணம் கட்டலாமா?

வாசகி கேட்டது (கடிதத்தின் சுருக்கம்; தான் அனுப்பிய மெயில், தன்விவரம், ஆய்வேட்டு விவரம் ஆகியவற்றையும் அனுப்பியிருந்தார்):

"சிவகங்கை மாவட்டத்துக்காரி நான். எம்.எஸ்சி. வேதியியல் முடித்திருக்கிறேன், சிஜிபிஏ 8.2. ஆய்வேடு சோடியம் அயனி பேட்டரிக்கான கேத்தோடு (நேர்மின்முனை) பொருள் பற்றியது. நெட் தேசியத் தகுதித் தேர்வில் உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்தது, ஜேஆர்எஃப் (ஆராய்ச்சி மாணவர் உதவித்தொகை) கிடைக்கவில்லை. ஜெர்மனியில் உதவித்தொகையோடு பி.எச்டி. செய்ய வேண்டும் என்று இருநூறு பேராசிரியர்களுக்கு மேல் மெயில் போட்டுவிட்டேன். ஓரிருவர் 'இடமில்லை' என்றார்கள், மற்றவர்களிடமிருந்து பதிலே இல்லை. சென்னையில் ஒரு ஏஜென்சி மூன்றரை லட்சம் கட்டினால் அட்மிஷன் வாங்கித் தருவதாகச் சொல்கிறது. முன்பணம் 15,000 ரூபாய் கட்டி, அசல் சான்றிதழ்களையும் கொடுத்திருக்கிறேன். மீதிக்கு அம்மாவின் நகையை அடகு வைக்கலாம் என்கிறார் அப்பா. நான் படித்தது பெரிய கல்லூரி இல்லை. கட்டலாமா?"

அன்புள்ள தங்கைக்கு,

கட்ட வேண்டாம். நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

நான் ஜெர்மனியில் பேட்டரி ஆராய்ச்சிக் குழு ஒன்றில் வேலை செய்கிறேன். எங்கள் குழுவுக்கு முனைவர் பட்ட மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது விண்ணப்பங்களைப் படிப்பதும் நேர்காணலில் உட்கார்வதும் என் வேலையில் ஒரு பகுதி. அந்த மேசையிலிருந்து பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஏஜென்சிக்காரர் பொய் சொல்கிறார் என்று சொல்ல மாட்டேன். அவர் சொல்வதில் ஒரு பாதி உண்மை, அதுதான் ஆபத்து. ஜெர்மனியில் பி.எச்டி.க்கு இரண்டு தனித்தனி விஷயங்கள் வேண்டும். ஒன்று, ஒரு பல்கலைக்கழகத்தின் துறை உங்களை முனைவர் பட்ட மாணவியாக ஏற்றுக்கொள்வது. இன்னொன்று, உங்களுக்குச் சம்பளம் தரும் பணியிடம். ஏற்புக் கடிதம் கையில் இருந்தும் ஒரு யூரோகூட வராமல் இருக்கலாம். அரசுப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டத்துக்குப் பொதுவாகக் கல்விக் கட்டணம் கிடையாது, பருவத்துக்கு ஒருமுறை ஒரு சிறு தொகை கட்டினால் போதும். அதனால் அட்மிஷன் என்பதற்கு மட்டும் அங்கே பெரிய மதிப்பு இல்லை. வாடகை, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு எல்லாம் சம்பளத்திலிருந்துதான் வர வேண்டும். அந்தச் சம்பளத்தை எந்த ஏஜென்சியாலும் வாங்கித் தர முடியாது. யாரை எடுப்பது என்று முடிவு செய்பவர் அந்தத் திட்டத்தை நடத்தும் பேராசிரியர். அவர் உங்களோடு பேசிப் பார்த்து, உங்கள் வழிகாட்டியிடம் விசாரித்து, அப்புறம்தான் எடுப்பார். நடுவில் ஓர் ஆள் நுழைய அங்கே இடமே இல்லை.

சரி, அந்தச் சம்பளம் எங்கிருந்து வருகிறது? இதைப் புரிந்துகொண்டால் உங்கள் இருநூறு மெயில்களுக்கு ஏன் பதில் வரவில்லை என்பதும் புரியும்.

பெரும்பாலான பேராசிரியர்களிடம் 'நல்ல மாணவர் வந்தால் சேர்த்துக்கொள்ளலாம்' என்று சும்மா வைத்திருக்கும் பணம் கிடையாது. ஒரு குறிப்பிட்ட ஆராய்ச்சித் திட்டத்தை எழுதி நிதி கேட்கிறார்கள். நிதி கிடைத்தால் அதற்குள்ளேயே ஒரு முனைவர் பட்ட மாணவருக்கோ இருவருக்கோ மூன்று ஆண்டுச் சம்பளம் எழுதப்பட்டிருக்கும். திட்டம் தொடங்கும் சமயத்தில் விளம்பரம் வரும். ஆள் கிடைத்ததும் கதவு மூடிவிடும். அதற்கு ஆறு மாதம் முன்னாலோ பின்னாலோ நீங்கள் எவ்வளவு அழகாக மெயில் எழுதினாலும் 'இடமில்லை' என்ற பதில்தான் வரும். அது உங்களைப் பற்றிய தீர்ப்பே கிடையாது. ஆகவே பேராசிரியர்களின் பெயர்ப் பட்டியலைத் தேடாதீர்கள். பணம் புதிதாக எங்கே வந்து இறங்கியிருக்கிறது என்று தேடுங்கள்.

இதற்கான தகவல் எல்லாமே பொதுவெளியில் இலவசமாகக் கிடைக்கிறது. நம் பிள்ளைகளில் பலருக்கு இது தெரியாமல் இருப்பதுதான் எனக்கு வருத்தம். ஜெர்மனியின் அடிப்படை ஆராய்ச்சிக்கு நிதி தரும் பெரிய அமைப்பு டிஎஃப்ஜி. அது நிதி கொடுத்த திட்டங்களையெல்லாம் 'கெப்ரிஸ்' என்ற தரவுத்தளத்தில் போடுகிறது. 'சோடியம் அயனி', 'அடுக்கு ஆக்சைடு' என்று உங்கள் துறைச் சொற்களை ஆங்கிலத்தில் போட்டுத் தேடினால், யாருக்கு, எந்த ஊரில், எந்த ஆண்டிலிருந்து நிதி என்று வரும். சமீபத்தில் தொடங்கியவற்றை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் நிதி தரும் திட்டங்களுக்கு இதேபோல 'கோர்டிஸ்' இருக்கிறது. ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றம் இளம் ஆராய்ச்சியாளர்களுக்குத் தரும் தொடக்க நிதி ஐந்து ஆண்டுகளுக்கு 15 லட்சம் யூரோ வரை போகும். அது கிடைத்தவர் பெரும்பாலும் முதன்முறையாகத் தன் சொந்தக் குழுவைக் கட்ட ஆரம்பிக்கிறவர், அவருக்கு உடனே ஆள் வேண்டும். யாருக்கெல்லாம் கிடைத்தது என்று ஒவ்வோர் ஆண்டும் பட்டியல் வெளியிடுகிறார்கள். பேர்பெற்ற மூத்த பேராசிரியருக்கு எழுதுவதைவிட இப்படிப்பட்டவருக்கு எழுதினால் பதில் வரும் வாய்ப்பு அதிகம் என்பது என் அனுபவம். அவர் உங்களோடு தினமும் உட்கார்ந்து பேசவும் நேரம் வைத்திருப்பார்.

உங்கள் ஆய்வுப் பொருளுக்கு ஜெர்மனி நல்ல இடம்தான். கார்ல்ஸ்ரூவும் உல்மும் சேர்ந்து, லித்தியத்துக்கு அடுத்த பேட்டரிகளுக்கென்றே ஒரு பெரிய ஆராய்ச்சித் தொகுப்பை 2019-இல் தொடங்கின. உல்மில் 2011 முதல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் நிறுவனம் ஒன்று மின்வேதிச் சேமிப்புக்காகவே நடக்கிறது. மியூன்ஸ்டர், கீசன், யூலிஷ் ஆகிய ஊர்களிலும் வலுவான குழுக்கள் உண்டு. பல்கலைக்கழகங்களோடு நின்றுவிடாமல் ஹெல்ம்ஹோல்ட்ஸ், மாக்ஸ் பிளாங்க், ஃபிரவுன்ஹோஃபர், லைப்னிட்ஸ் நிறுவனங்களின் வேலைவாய்ப்புப் பக்கங்களையும் வாரம் ஒருமுறை பாருங்கள். ஆராய்ச்சி அங்கே நடக்கும், பட்டம் பக்கத்திலுள்ள பல்கலைக்கழகம் தரும்.

விளம்பரத்தில் 'டிவி-எல் இ13, 65 சதவீதம்' என்பது போல ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இ13 என்பது மாநில அரசு ஊழியர் சம்பள அட்டவணையில் ஒரு நிலை. முழு நிலைக்கு மாதம் 4,500 யூரோவுக்கு மேல் வரும், அதில் உங்களுக்கு 65 சதவீதம். வரி, காப்பீடு, ஓய்வூதியப் பிடித்தம் எல்லாம் போக ஏறத்தாழ 2,000 யூரோ கையில் நிற்கும். ஒரு தனி ஆள் அளவாக வாழ இது போதும். வேதியியல், இயற்பியல் போன்ற துறைகளில் 65 முதல் 75 சதவீதம் வரை பார்க்கலாம். பொறியியல் துறைகளில் 100 சதவீதமே சாதாரணம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: சதவீதம் சம்பளத்துக்குத்தான். ஆய்வகத்தில் எல்லோரும் முழு நாளும்தான் இருப்பார்கள்.

ஐரோப்பா என்றால் ஜெர்மனி மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். உங்கள் நிலையில் இருப்பவருக்கு நான் முதலில் காட்டும் வழி மரீ கியூரி பெயரில் ஐரோப்பிய ஒன்றியம் நடத்தும் முனைவர் வலையமைப்புகள். பல நாட்டுப் பல்கலைக்கழகங்களும் கம்பெனிகளும் ஒரே தலைப்பில் சேர்ந்து, ஒரே சமயத்தில் பத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை எடுக்கும். எந்த நாட்டுக் குடிமகளும் விண்ணப்பிக்கலாம். சேரப்போகும் நாட்டில் அதற்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக் கூடாது என்பது ஒரு முக்கிய விதி. அங்கே ஏற்கெனவே முதுகலை படித்துக்கொண்டிருக்கும் பலர் இதனால் அந்த நாட்டு இடங்களுக்குப் போட்டியிட முடியாது. ஊரிலிருந்தே விண்ணப்பிக்கும் உங்களுக்கு அந்தத் தடை இல்லை. இந்த இடங்கள் 'யூராக்சஸ்' தளத்தில் வரும்.

ஸ்வீடன், நெதர்லாந்து, நார்வே நாடுகளிலும் முனைவர் பட்ட மாணவர் என்றால் சம்பளம் வாங்கும் ஊழியர்தான். நெதர்லாந்தில் நான்கு ஆண்டு. ஸ்வீடனில் ஆய்வுக்கு நான்கு ஆண்டு, கற்பித்தல் வேலையும் சேர்ந்தால் ஐந்துவரை போகும். அங்கே இடங்கள் விளம்பரம் வழியாகத்தான் நிரப்பப்படுகின்றன, அதனால் பேராசிரியருக்குத் தனியாக மெயில் போட்டுக் காத்திருப்பதில் பயன் குறைவு. அந்தந்தப் பல்கலைக்கழகத் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அமெரிக்கா வேறு கணக்கு. துறைக்குத்தான் விண்ணப்பம், கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பர், விண்ணப்பக் கட்டணமும் உண்டு. பிரிட்டனில் வெளிநாட்டு மாணவர்களுக்கான கட்டண வித்தியாசத்தை யார் கட்டுவது என்ற சிக்கல் பல இடங்களில் வரும். இப்போதைக்கு அந்த இரண்டையும் தள்ளி வையுங்கள்.

இனி உங்கள் மெயில். நீங்கள் அனுப்பிய மாதிரியைப் படித்தேன். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கி, உங்கள் பள்ளி மதிப்பெண் முதல் எல்லாம் சொல்லி, 'உங்கள் உலகப் புகழ்பெற்ற ஆய்வகத்தில் ஒரு வாய்ப்பு தாருங்கள்' என்று முடிகிறது. பேராசிரியர் பெயர் இல்லை, அவர் என்ன செய்கிறார் என்பதும் இல்லை. அதைப் பெற்றவர்களில் பலர் பெண்கள், அவர்களுக்கும் 'ஐயா' என்றே போயிருக்கிறது. இப்படி ஒரே வார்ப்பில் வரும் கடிதங்கள் எங்களுக்கு வாரந்தோறும் குவிகின்றன. யாரும் கெட்ட எண்ணத்தில் ஒதுக்குவதில்லை. அதில் பதில் சொல்ல எதுவும் இருப்பதில்லை.

உங்களிடமோ சொல்ல நல்ல விஷயம் இருக்கிறது. ஆய்வேட்டில் கேத்தோடுக்காக பி2 வகை அடுக்கு ஆக்சைடு ஒன்றைத் தயாரித்து, அது ஈரக்காற்றில் கெட்டுப்போவதைக் கவனித்திருக்கிறீர்கள். இந்தத் துறையில் இது உண்மையான தலைவலி. அதை வைத்து எழுதுங்கள். முதல் வரியில் எந்தத் திட்டம் அல்லது எந்த விளம்பரம், அதன் குறிப்பு எண். அடுத்து, அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றில் நீங்கள் படித்துப் புரிந்துகொண்ட ஒரு விஷயம். அதற்கும் உங்கள் வேலைக்கும் உள்ள தொடர்பு இரண்டு வரி. எந்தக் கருவிகளை நீங்களே கையாண்டீர்கள், எதை வேறொருவர் செய்து கொடுத்தார் என்று ஒரு வரி. எப்போது சேர முடியும் என்று ஒரு வரி. இணைப்பில் இரண்டு பக்கத் தன்விவரம், மதிப்பெண் பட்டியல், ஆய்வேட்டின் ஒரு பக்கச் சுருக்கம், எல்லாம் ஒரே பிடிஎஃப் கோப்பாக. ஒரு மெயிலுக்கு ஒரு முழு மாலை ஆகும். ஆகட்டும். இப்படிப் பத்து எழுதினால் பழைய இருநூறைவிட அதிகம் பதில் வரும். பத்து நாளில் பதில் இல்லையென்றால் ஒரே ஒருமுறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம்.

தன்விவரத்தில் இரண்டு கட்டுரைகள் போட்டிருக்கிறீர்கள். ஒன்று, கல்லூரியில் எல்லோரும் பணம் கட்டி ஒரு வாரத்தில் வெளியிட்ட இதழில் வந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள். முதுகலை முடித்தவரிடம் யாரும் கட்டுரை எதிர்பார்ப்பதில்லை, ஆனால் அந்த மாதிரி இதழின் பெயரைப் பார்த்தால் முகம் சுளிப்பார்கள். யாராவது கேட்டால் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். அந்த இடத்தில் உங்கள் ஆய்வேட்டின் ஒரு வரைபடத்தை வையுங்கள், அது நிஜமாக உங்களுடையது.

பரிந்துரைக் கடிதத்துக்குத் துறைத் தலைவரைத் தேடி ஓடாதீர்கள். உங்களை ஆய்வகத்தில் பார்த்த வழிகாட்டிதான் வேண்டும். 'நீயே எழுதிக் கொண்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்' என்பது நம் ஊர் வழக்கம், எனக்குத் தெரியும். அப்படிச் சொன்னால், 'சார், நான் செய்த வேலையைக் குறிப்பாக எழுதித் தருகிறேன், உங்கள் அபிப்பிராயத்தை நீங்களே எழுதுங்கள்' என்று பணிவாகக் கேளுங்கள். ஜெர்மனியில் சிலர் கடிதம் கேட்காமல் நேரடியாகப் போனில் கூப்பிடுவார்கள் என்பதையும் அவரிடம் சொல்லி வையுங்கள்.

நேர்காணல் பெரும்பாலும் வீடியோவில் நடக்கும். உங்கள் ஆய்வேட்டைப் பதினைந்து, இருபது நிமிடம் விளக்கச் சொல்வார்கள். நான் எப்போதும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: எது சரியாக வரவில்லை, ஏன் என்று நினைக்கிறீர்கள்? எல்லாமே நன்றாக வந்தது என்று சொல்பவரை நம்புவது கஷ்டம். உங்கள் பேட்டரி ஐம்பது சுழற்சிக்கு (சார்ஜ் ஏற்றி இறக்குவதற்கு) மேல் கொள்திறனை இழந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மறைக்காமல் முன்னால் வையுங்கள். காரணம் என்னவாக இருக்கலாம், இன்னொரு வருடம் கிடைத்தால் எந்தச் சோதனை செய்து பார்ப்பீர்கள் என்று யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் பரவாயில்லை, எங்கள் குழுவிலும் பாதிப்பேருக்கு அது தாய்மொழி இல்லை.

பெரிய கல்லூரி இல்லை என்ற கவலைக்கு வருகிறேன். ஜெர்மன் பல்கலைக்கழக அலுவலகம் 'அனாபின்' என்ற தரவுத்தளத்தில் பட்டம் தந்த பல்கலைக்கழகம் அங்கீகாரம் பெற்றதா என்று பார்க்கும். உங்களுக்குப் பட்டம் தந்தது கல்லூரி இணைந்திருக்கும் பல்கலைக்கழகம்தான், அதன் பெயரைத் தேடிப் பாருங்கள். மதிப்பெண்ணை அவர்கள் தங்கள் அளவுக்கு மாற்றும் வழக்கமான சூத்திரப்படி, பத்துக்கு 8.2, தேர்ச்சி 5 என்று வைத்தால் சுமார் 2.1 வரும். அங்கே 1 தான் உச்சம், 2.1 என்பது 'நல்லது' என்ற வகுப்பில் விழும். இந்த எண்ணை வைத்துக்கொண்டு நீங்கள் தாராளமாகப் போட்டியிடலாம். பெரிய நிறுவனத்து மாணவர்களுக்குக் கிடைக்கும் கூடுதல் வசதி கருவிப் பழக்கமும் நல்ல வழிகாட்டியின் தொடர்பும்தான். அது நிஜமான வித்தியாசம், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை ஈடுகட்டும் இடம் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது.

காரைக்குடி சிக்ரியை ஏன் உங்கள் கடிதத்தில் காணோம்? அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அது. பேட்டரி பற்றிப் படிக்கும் ஒருவர் அந்த ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஜெர்மனிக்கு மட்டும் விண்ணப்பிப்பது எனக்கு மனசு கேட்கவில்லை. அங்கே பி.எச்டி. சேர்க்கை, சிக்ரி போன்ற மத்திய அரசின் சிஎஸ்ஐஆர் ஆய்வகங்களுக்கென்று இருக்கும் 'அக்சிர்' கழகம் வழியாக ஜனவரி, ஆகஸ்ட் பருவங்களில் நடக்கும்.

ஜேஆர்எஃப் கிடைக்கவில்லை என்று மனம் உடைய வேண்டாம். 2023 ஜனவரி முதல் ஜேஆர்எஃப் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து அதன் அடுத்த நிலையான எஸ்ஆர்எஃப் 42,000. இதே 37,000-க்கு இன்னொரு வாசலும் இருக்கிறது. நிதி பெற்ற ஆராய்ச்சித் திட்டங்களில் 'திட்ட ஜேஆர்எஃப்' என்று ஆள் எடுப்பார்கள். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை விதிகளில், நெட்டில் உதவிப் பேராசிரியர் தகுதி மட்டும் பெற்றவருக்கும், 'கேட்' (GATE) தேர்வில் தேர்ச்சி பெற்றவருக்கும் அந்தத் தொகை உண்டு, வீட்டு வாடகைப்படி தனி. உங்களிடம் அந்தத் தகுதி ஏற்கெனவே இருக்கிறது. சிக்ரி, சென்னை ஐஐடி, பெங்களூரு ஐஐஎஸ்சி ஆகியவற்றின் தளங்களில் திட்டப் பணியிட அறிவிப்புகளைப் பாருங்கள். சில அறிவிப்புகளுக்கு இரண்டு வாரம்தான் அவகாசம் இருக்கும், அதனால் விட்டுவிட்டுப் பார்த்தால் தவறிவிடும்.

ஓர் ஆண்டு அப்படி வேலை செய்தால் கையில் சம்பளம், நல்ல கருவிகளில் பழக்கம், உங்களைத் தெரிந்த ஒரு விஞ்ஞானியின் பரிந்துரை மூன்றும் கிடைக்கும். அதே ஆண்டில் ஐரோப்பிய விளம்பரங்களுக்கும் விண்ணப்பித்துக்கொண்டே இருக்கலாம். எங்கள் மேசைக்கு வரும்போது அந்த ஓர் ஆண்டு விண்ணப்பத்தின் கனத்தையே மாற்றிவிடும். சிக்ரியிலேயே பி.எச்டி. தொடரலாம் என்று உங்களுக்குத் தோன்றினால் அதுவும் முழுமையான பாதை. அங்கிருந்து முனைவர் பட்டத்துக்குப் பின் வெளிநாடு போகிறவர்கள் நிறைய.

வீட்டில் 'இன்னும் எத்தனை வருஷம்' என்று கேட்கிறார்கள் என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அப்பாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: இது பணம் கட்டிப் படிக்கும் படிப்பு இல்லை, சம்பளம் வாங்கும் வேலை, ஒப்பந்தம் கையில் வந்தால்தான் கிளம்புவேன். ஜெர்மனி என்றால் அந்த ஒப்பந்தத்தையே விசாவுக்கு வருமானச் சான்றாகக் காட்டலாம். நகையைத் தருகிறேன் என்று முன்வரும் தகப்பனுக்கு இது புரியும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்று மீதம். அந்த ஏஜென்சிக்கு நேரில் போய் அசல் சான்றிதழ்களை முதலில் வாங்குங்கள், கூட யாரையாவது அழைத்துக்கொண்டு போங்கள். பணத்தைப் பற்றிய பேச்சைச் சான்றிதழ்கள் கைக்கு வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு மெயிலில் எழுதி, ரசீதின் நகலையும் இணையுங்கள். தர மறுத்தால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொண்டு மீதிப் பணத்தைக் கட்டச் சொன்னால் நேராகக் காவல் நிலையம் போங்கள். இனி யார் கேட்டாலும் ஸ்கேன் செய்த நகல்தான். ஜெர்மன் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போதும் முதலில் அதுவே போதும்.